அகில்லீஸ் வீரனா, வீம்புக்காரனா?

மார்ச் 2 – கேள்வி

கிரேக்கர்கள் டிராய் நகரை முற்றுகையிட்ட போரைப் பாடும் ஹோமரின் காவியம் இலியட், இப்போதுதான் முடித்தேன். தனக்குக் கொடுத்த பெண்ணைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று கிரேக்க வீரன் அகில்லீஸ் கூடாரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவன் பக்கத்து ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள், இவன் யாழ் மீட்டிப் பாடிக்கொண்டிருக்கிறான். இவனை எப்படி மாவீரன் என்கிறார்கள்? ஊருக்காகவும் பெண்டாட்டி பிள்ளைக்காகவும் செத்த டிராய் இளவரசன் ஹெக்டர்தான் எனக்கு வீரன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மார்ச் 2, இரவு

மறுக்கிறேன். பாதி மட்டும்.

முதல் காண்டத்தைத் திரும்பப் பாருங்கள். படையில் கொள்ளைநோய், ஒன்பது நாளாகப் பிணங்கள் எரிகின்றன. காரணம் கிரேக்கப் படைத்தலைவர் அகமெம்னான். அப்போலோ தெய்வத்தின் பூசாரி, சிறைபட்ட தன் மகளை மீட்டுப்போகக் கைநிறையப் பொருளோடு வந்தபோது அவமானப்படுத்தி விரட்டியவர் அவர். அதற்கு அப்போலோ அனுப்பிய நோய் இது. பத்தாம் நாள் சபையைக் கூட்டியது யார்? அகில்லீஸ். ஹீரா தேவி தூண்டினாள் என்கிறார் கவி, சரி. ஆனாலும் தலைவர் வாயைத் திறக்காதபோது எழுந்து நின்றவன் அவன்தான். நோய்க்குக் காரணம் சொல்லக் குறிகாரன் கால்கஸ் பயந்தபோது, ‘நான் உயிரோடு இருக்கும்வரை உன்மேல் ஒருவனும் கை வைக்க முடியாது, அகமெம்னானே ஆனாலும்’ என்று பொறுப்பேற்றவனும் அவன்தான். சுயநலக்காரன் செய்கிற வேலையா இது?

அப்புறம்தான் சண்டை. பூசாரி மகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்ததும், அந்த இழப்பை ஈடுகட்ட அகமெம்னான் போர்க்கொள்ளையில் அகில்லீஸுக்குப் பங்காகக் கிடைத்த பெண் பிரிசெயிஸை எடுத்துக்கொள்கிறார். அந்தப் பங்கு படையின் பெயரால் கொடுக்கப்பட்டது. அதைத் தலைவர் தன் இஷ்டத்துக்குத் திருப்பி எடுத்தால், ஊர் கூடிக் கொடுத்த மதிப்பே செல்லாது என்று ஆகிவிடும்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் முதலில் யாருக்கு என்ற தகராறில் தேர் நிலையை விட்டு நகராமல் நின்ற வருடம் ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்கள் ‘ஒரு முழத் துணிக்கா இத்தனை?’ என்று சிரித்தார்கள். உள்ளூரில் யாரும் சிரிக்கவில்லை. துணி என்னவோ முழம்தான், அதை ஊர் பார்க்கத் தலையில் கட்டுகிறார்களே, அங்கேதான் விஷயம்.

அகில்லீஸுக்குக் கோபம் அகமெம்னான்மேல் மட்டும் அல்ல என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ‘குடிகளைத் தின்கிற ராஜா நீ, ஒன்றுக்கும் ஆகாதவர்களை ஆள்வதால்தான் உன்னால் இது முடிகிறது’ என்கிறான். அந்த வசவு சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்த எல்லோருக்கும்தான். கிழவர் நெஸ்டர் ஒருவர் சமாதானம் பேசினார், மற்றபடி ஒரு குரல் எழவில்லை. பொன் ஆணி பதித்த செங்கோலைத் தரையில் விட்டெறிந்தானே, அது வழக்குத் தீர்ப்பவர்கள் கையில் பிடிக்கிற கோல். சபை சபையாக இல்லாதபோது கோல் எதற்கு?

மார்ச் 3

‘பெண் என்ன பரிவட்டமா?’ என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. இலியடே அதைக் கேட்கிறது, ஆனால் 19-ஆம் காண்டம்வரை காக்க வைக்கிறது.

அதுவரை பிரிசெயிஸ் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கூடாரம் மாற்றப்படுகிறாள், திரும்பி வருகிறாள். வந்ததும், ஹெக்டர் கையால் செத்த அகில்லீஸின் உயிர்நண்பன் பட்ரோக்ளஸின் பிணத்தைப் பார்த்து மார்பைக் கீறிக்கொண்டு அழுகிறாள். அப்போது அவள் சொல்வதைக் கேளுங்கள். அவள் கணவன் ஊருக்கு முன்னால் வெட்டுப்பட்டுக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள். கூடப் பிறந்த மூன்று அண்ணன் தம்பிகளும் அதே நாளில் செத்தார்கள். கணவனைக் கொன்றவன் அகில்லீஸ். அப்போது அவளை அழ விடாமல் ‘உன்னை அகில்லீஸுக்கு முறைப்படி கட்டிவைக்கிறேன், அவன் ஊரான பித்தியாவுக்குக் கூட்டிப்போய்க் கல்யாண விருந்து போடுவோம்’ என்று தேற்றியவன் பட்ரோக்ளஸ். அவள் அறிந்த ஒரே மென்மையான ஆள் அவன்தான், அவனும் போய்விட்டான்.

அடுத்த வரிதான் என்னை நிறுத்தியது. சுற்றி நின்ற அடிமைப் பெண்களும் அழுதார்கள், பட்ரோக்ளஸைச் சாக்கிட்டு அவரவர் சொந்தத் துக்கத்துக்கு அழுதார்கள் என்கிறார் கவி. வீரர்களின் மானக் கணக்கில் பங்காக எண்ணப்பட்டவர்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது என்பதை ஒரே வரியில் வைத்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்.

மார்ச் 3, மதியம்

கேள்வியில் யாழ் வந்ததே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏட்டியனின் நகரைச் சூறையாடியபோது எடுத்தது. ஏட்டியன் ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரமக்கியின் அப்பா. அவரையும் அவள் அண்ணன் தம்பி ஏழு பேரையும் கொன்றவன் அகில்லீஸ். அந்த வீட்டு யாழை மீட்டிக்கொண்டு வீரர் புகழ் பாடுகிறான். வெறுமனே ‘யாழ்’ என்று சொல்லி நகர்ந்திருக்கலாம், கவி நகரவில்லை.

மார்ச் 4

இனி ஹெக்டர். நானும் ஹெக்டர் கட்சியாக இருந்தவன்தான். முதல் வாசிப்பில் எல்லோரும் ஹெக்டர் கட்சி.

6-ஆம் காண்டத்தில் ஆண்ட்ரமக்கி கோட்டை வாசலில் அவனை நிறுத்துகிறாள். அழுதாள் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அவள் போர் யோசனையும் சொல்கிறாள்: ‘அத்திமரத்துப் பக்கம் மதில் ஏற எளிது, மூன்று முறை அங்கே ஏறப் பார்த்துவிட்டார்கள், படையை அங்கே நிறுத்து, நீ கோபுரத்திலேயே இரு.’ ஹெக்டர் மறுக்க ராணுவக் காரணம் எதுவும் சொல்லவில்லை. டிராய் ஆண்கள், நீள உடை உடுத்திய டிராய் பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்கிறான். டிராய் ஒருநாள் அழியத்தான் போகிறது என்று அடுத்த மூச்சிலேயே சொல்லவும் செய்கிறான்.

அப்புறம் குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தில் ஆடும் குதிரைமயிர்க் குஞ்சத்தைப் பார்த்துக் குழந்தை அலறி ஆயாவின் மார்பில் ஒட்டிக்கொள்கிறது. அப்பாவும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்த பிறகுதான் பிள்ளைக்கு அப்பாவை அடையாளம் தெரிகிறது. கிளம்பும்போது அதே கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டுதான் போகிறான்.

18-இல், அகில்லீஸ் திரும்பி வரப்போகிறான், இரவோடு இரவாகக் கோட்டைக்குள் போய்விடுவோம் என்கிறான் ஹெக்டரின் தோழன் பாலிடமஸ். ஹெக்டர் அவன் வாயை அடக்குகிறான். கூட்டமும் ஹெக்டர் பக்கமே ஆரவாரிக்கிறது. மறுநாள் அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர் ஆற்றில் மிதந்தார்கள்.

22-இல் மதிலுக்கு வெளியே தனியாக நிற்கிறான். மேலிருந்து அப்பா தலைமயிரைப் பிய்த்துக்கொள்கிறார், அம்மா மார்பைத் திறந்து காட்டிக் கெஞ்சுகிறாள். கதவு திறந்துதான் இருக்கிறது. ஏன் போகவில்லை? அவன் மனசுக்குள் ஓடுவதை நம் சொல்லில் சொன்னால் இவ்வளவுதான்: ‘என் துடுக்கால் படையை அழித்துவிட்டேன். உள்ளே போனால் முதலில் பாலிடமஸ் குத்திக்காட்டுவான். என்னைவிடக் கீழானவன் எவனாவது, தன் பலத்தை நம்பி ஜனங்களைத் தொலைத்தான் ஹெக்டர் என்பான்.’

ஊருக்காகச் செத்தான் என்கிறீர்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று செத்தான் என்று படிக்கவும் அங்கே இடம் இருக்கிறது. உள்ளே போயிருந்தால் டிராய்க்குக் காவல் மிஞ்சியிருக்கும்.

மார்ச் 4, இரவு

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு ‘ஹெக்டரைக் கோழையாக்குகிறீர்கள்’ என்று திட்டு. இல்லை ஐயா. பார்ப்பவர் கண்ணில்தான் தன் மதிப்பு இருக்கிறது என்று வாழ்கிற உலகத்தில் அவன் வேறு என்ன செய்ய முடியும் என்பதே என் கேள்வி. இத்தனைக்கும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு, போருக்குக் காரணமான ஹெலனையும் நகரத்துச் செல்வத்தில் பாதியையும் தருகிறேன் என்று பேசிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசிக்கிறான். அகில்லீஸ் நெருங்கியதும் ஓடுகிறான், மதிலைச் சுற்றி மூன்று முறை. கவி அதை மறைக்கவில்லை. முன்னால் ஓடுகிறவன் நல்லவன், துரத்துகிறவன் அவனைவிடப் பலசாலி என்று மட்டும் சொல்கிறார். எனக்கு இந்த ஹெக்டரைத்தான் அதிகம் பிடிக்கும்.

மார்ச் 6

கொஞ்சம் சிரிக்க. போர்க்களத்தின் நடுவே டிராய் பக்கத்துக் கிளாக்கஸும் கிரேக்கன் டயோமிடிஸும் மோதப்போகிறார்கள். ‘நீ யார்?’ என்கிறான் டயோமிடிஸ். ‘இலைகளின் தலைமுறை போலத்தான் மனிதத் தலைமுறையும், காற்று உதிர்க்கிறது, வசந்தத்தில் வேறு துளிர்க்கிறது, என் வம்சத்தைக் கேட்டு என்ன ஆகப்போகிறது’ என்று ஞானியாகத் தொடங்கிய கிளாக்கஸ், அப்புறம் அறுபது வரிக்குத் தன் வம்சக் கதையை விடாமல் சொல்கிறான். நடுவில் யாரும் குத்தவில்லை. கடைசியில் தாத்தாக்கள் விருந்தாளி உறவு என்று தெரிந்ததும் இறங்கிக் கை கொடுத்துக் கவசம் மாற்றிக்கொள்கிறார்கள். பொன் கவசத்தைக் கொடுத்து வெண்கலம் வாங்குகிறான் கிளாக்கஸ். நூறு மாட்டு விலைக்கு ஒன்பது மாட்டு விலை, தேவர்களின் தலைவர் ஜீயஸ் அவன் புத்தியைப் பிடுங்கிவிட்டார் என்று கவியே நக்கலடிக்கிறார்.

மார்ச் 6, இரவு

கிளாக்கஸுக்கு அறுபது வரி வம்சம். கிரேக்கப் படையில் அகமெம்னானை எதிர்த்துப் பேசும் தெர்சைட்டிஸுக்கு அப்பன் பெயர்கூடக் கிடையாது. ஊரும் இல்லை. இத்தனை பேருக்கு இன்னார் மகன், இந்த நாட்டான் என்று சொல்லும் காவியம் இவனை மட்டும் வளைந்த கால், நொண்டி, கூனல், கூம்பிய தலை, அதில் நாலு மயிர் என்று அறிமுகம் செய்கிறது.

ஆலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்த காலத்தில் இந்த இடத்தைக் கூட வேலை பார்த்தவர்களுக்குக் கதையாகச் சொன்னேன். வர்ணனைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவன் பேச்சைச் சொன்னேன்: ‘அகமெம்னான், உன் கூடாரம் நிறைய வெண்கலமும் பெண்களும் இருக்கிறார்கள், நாங்கள் ஊரைப் பிடிக்கப் பிடிக்க முதல் பங்கு உனக்கு. இன்னும் என்ன வேண்டும்? வாருங்கள், இவனை இங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். உன்னைவிட நல்ல மனிதனான அகில்லீஸை அவமானப்படுத்தினாயே.’ கிரேக்கத் தலைவர்களில் ஒருவனான ஒடிசியஸ் செங்கோலால் முதுகில் அடிக்கிறான், தடிப்பு எழும்புகிறது, இவன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உட்காருகிறான். படை மனத்தாங்கலோடு இருந்தும் சிரிக்கிறது. ஒடிசியஸ் செய்ததிலேயே இதுதான் சிறந்த காரியம் என்கிறது.

பாபின் ஓட்டுகிற ஒரு அண்ணன் கேட்டார்: ‘அந்தப் பயல் சொன்னதில் எது தப்பு?’

எதுவும் இல்லை. ஏறக்குறைய அகில்லீஸ் சொன்னதேதான். அவன் சொன்னால் காவியம், இவன் சொன்னால் முதுகில் தடிப்பு. அகில்லீஸ் விட்டெறிந்ததும் கோல், இவனை அடித்ததும் கோல்.

மார்ச் 7

டிராய்க்குத் துணையாக வந்த லிசியா நாட்டுத் தலைவன் சார்பிடானைப் பற்றிக் கேட்டவருக்கு. 12-இல் கிளாக்கஸிடம் அவன் சொல்வது இதுதான்: லிசியாவில் நமக்கு முதல் இருக்கை, நல்ல கறி, நிறைந்த கிண்ணம், ஆற்றங்கரையில் நிலம், எல்லாம் ஏன் தருகிறார்கள்? அதற்காகத்தான் முன்வரிசையில் நிற்க வேண்டும். உடனே இன்னொன்றும் சொல்கிறான்: இந்தப் போரில் தப்பினால் சாகாமலே இருப்போம் என்றால் நான் சண்டைக்கே வரமாட்டேன், உன்னையும் கூப்பிடமாட்டேன். எப்படியும் சாவு வரும், ஆகவே வா. ஊர் கொடுக்கிறது, நாம் உயிரைக் கொடுக்கிறோம் என்ற ஒப்பந்தத்தை இவ்வளவு பச்சையாக வேறு யாரும் பேசவில்லை. இவனுக்கு கிரேக்கர்மேல் சொந்தப் பகைகூட இல்லை, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு வந்த கூட்டாளி.

மார்ச் 9

9-ஆம் காண்டம், அகில்லீஸைப் போருக்குத் திரும்ப அழைக்க அகமெம்னான் அனுப்பும் தூது. இதை ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அகமெம்னான் இறங்கி வருகிறார்: ஏழு முக்காலிகள், பத்துத் தாலந்து பொன், இருபது கொப்பரைகள், பன்னிரண்டு குதிரைகள், லெஸ்போஸ் பெண்கள் ஏழு பேர், தான் தொடாத பிரிசெயிஸ், போதாக்குறைக்கு மகள் ஒருத்தி, ஏழு ஊர்கள். பட்டியல் முடிந்ததும், அவன் எனக்குப் பணியட்டும், நான் அவனைவிடப் பெரிய ராஜா என்று ஒரு வால் சேர்க்கிறார். ஒடிசியஸ் போய்ப் பட்டியலைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்கிறான், அந்த வாலை மட்டும் நறுக்கிவிடுகிறான். கெட்டிக்காரன். ஆனால் அகில்லீஸின் முதல் பதிலே, மனசில் ஒன்று வைத்து வாயில் ஒன்று பேசுகிறவன் எனக்கு நரகத்தின் வாசல் போல வெறுப்பு என்பதுதான். மோப்பம் பிடித்துவிட்டான்.

பின்னால் ஒதுங்கி நின்றவனுக்கும் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டவனுக்கும் ஒரே பங்கு, கோழைக்கும் வீரனுக்கும் ஒரே மரியாதை, இருவருக்கும் ஒரே சாவு என்கிறான். ஆக, சார்பிடான் சொன்ன ஒப்பந்தம் இவன் பக்கத்தில் முறிந்துவிட்டது. இங்கே இருந்தால் அழியாப் புகழும் சீக்கிரச் சாவும், ஊருக்குப் போனால் புகழ் இல்லாத நீண்ட வாழ்வு என்று அம்மா தெட்டிஸ் சொன்னதையும் வெளியே எடுக்கிறான்.

இங்கே கேள்வி கேட்டவர் பக்கமும் கொஞ்சம் சாய வேண்டியிருக்கிறது. மூன்று பேர் பேசுகிறார்கள். ஒடிசியஸுக்குப் பதில்: நாளைக்கே கப்பல் ஏறுகிறேன். வளர்த்த கிழவர் ஃபீனிக்ஸுக்கு: காலையில் யோசிப்போம். ஏஜாக்ஸ் கொஞ்சம்தான் பேசினான், அண்ணனையோ மகனையோ கொன்றவனிடம்கூட ஈட்டுப்பணம் வாங்கிக்கொண்டு அதே ஊரில் வாழ்கிறார்கள், உனக்கு ஒரு பெண்ணுக்காக இவ்வளவா, உன் கூரையின் கீழ் வந்து நிற்கும் நண்பர்களைப் பார் என்று. அவனுக்குப் பதில்: ஹெக்டர் எங்கள் கப்பல்களுக்கு வரும்வரை இறங்க மாட்டேன். அதாவது போகவும் இல்லை. நட்பு என்று பேசியவனிடம்தான் அதிகம் இளகினான், ஆனாலும் இறங்கவில்லை. அந்த இடைவெளியில்தான் இவனுக்குப் பதிலாகப் போருக்குப் போன பட்ரோக்ளஸ் செத்தான். கோபம் நியாயம், கணக்கு தீர்ந்தது வேறு ஆள் தலையில்.

மார்ச் 10

‘ஹோமர் ஒருவரா பலரா’ என்று இழுத்துவிட்டார்கள். சுருக்கமாக. ஹோமர் காவியங்கள் வாய்ப்பாட்டு மரபில் வந்தவை என்று காட்ட, ஆய்வாளர் மில்மன் பாரி 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் வாய்ப்பாட்டுக்காரர்களைப் பதிவு செய்தார். அவ்தோ மெஜெதோவிச் என்ற எழுத்தறியாத கசாப்புக்காரர் 12,000 வரிக்கு மேல் ஒரே கதையைப் பாடினார், கிட்டத்தட்ட ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசி நீளம். அந்த ஆய்வு முறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தவர் நம் இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி. பர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார், 1968-இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய. அந்தச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள்.

மார்ச் 12

23-ஆம் காண்டத்தை யாரும் தொடவே இல்லை. பட்ரோக்ளஸின் ஈமப் போட்டிகள், ‘விளையாட்டு அறிவிப்பு மாதிரி இருக்கிறது’ என்று தள்ளிவிடுகிறார்கள்.

தேர்ப் பந்தயத்தில் நல்ல ஓட்டுநர் யூமெலஸ் தேர் உடைந்து கடைசியில் வருகிறான். பாவம் பார்த்து இரண்டாம் பரிசை அவனுக்குக் கொடுக்கப் போகிறான் அகில்லீஸ். இரண்டாவதாக வந்த இளைஞன் ஆண்டிலோகஸ் குதிக்கிறான்: ‘அவனுக்குக் கொடுக்க ஆசையென்றால் உன் கூடாரத்தில் இருந்து எடுத்துக் கொடு. இந்தக் குதிரை என் பரிசு, தொடுகிறவன் என்னோடு மோதட்டும்.’ அன்று சபையில் அகில்லீஸ் போட்ட அதே சண்டை! அகில்லீஸ் சிரிக்கிறான். காவியத்தில் அவன் புன்னகைப்பது இங்கே மட்டும்தான். கூடாரத்தில் இருந்து வேறு பரிசு எடுத்துவரச் சொல்கிறான்.

கடைசிப் போட்டி ஈட்டி எறிதல். அகமெம்னான் எழுகிறார். ‘நீர்தான் சிறந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும், எறியவே வேண்டாம், பரிசை எடுத்துக்கொள்ளும்’ என்கிறான் அகில்லீஸ். மரியாதையா, குத்தலா? எனக்கு இரண்டுமாகத்தான் படுகிறது. பரிசை ஏந்திக்கொள்வது தால்திபியஸ், பிரிசெயிஸை அழைத்துப்போன இருவரில் ஒருவர். பங்கு எப்படிப் பிரிக்க வேண்டும் என்று கடைசியில் செய்து காட்டியவன் அந்த ‘வீம்புக்காரன்’தான்.

மார்ச் 15

போர் முடிந்து ஒடிசியஸ் ஊர் திரும்பும் கதையான ஒடிசிக்குப் போகலாம் என்றார்கள். ‘அங்கேயாவது நாயகன் தன் ஆட்களைக் காப்பாற்றப் பார்த்தானே’ என்று ஒருவர்.

பார்த்தானா? ராட்சதனின் குகையில் அகப்பட்டபோது ‘என் பெயர் யாருமில்லை’ என்று சொல்லித் தப்பினான், சரியான வேலை. கப்பல் ஏறியதும் பொறுக்கவில்லை. ஒற்றைக்கண்ணன் பாலிஃபீமஸ் பாறையை வீசிக் கப்பலைக் கரைக்கே தள்ளிவிட்டான், ஆட்கள் வாயை மூடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள், அப்போதும் கத்துகிறான்: கேட்டால் சொல், நகரங்களை அழித்த ஒடிசியஸ், லயர்டீஸ் மகன், வீடு இதாகா. பெயர், தொழில், அப்பன், ஊர், முழு விலாசம். அந்த விலாசத்தை வைத்துத்தான் பாலிஃபீமஸ் தன் அப்பனான கடல் தெய்வம் பொசைடனிடம் சாபம் வேண்டுகிறான்: எல்லாத் தோழர்களையும் இழந்து, அடுத்தவன் கப்பலில், தாமதமாக வீடு சேரட்டும்.

யாருமில்லாமல் தப்புவதைவிட இன்னார் என்று தெரிந்து அழிவது மேல் என்பது வீரனுக்குச் சரி. துடுப்புப் போட்டவர்களைக் கேட்டார்களா?

மார்ச் 15, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். ஒடிசியின் தொடக்கமே, தோழர்கள் சூரியனின் மாடுகளைத் தின்று தங்கள் மூடத்தனத்தால் அழிந்தார்கள் என்கிறது. எண்ணிப் பார்த்தேன். புறப்பட்டது 12 கப்பல். மாட்டைத் தின்றது ஒரே கப்பல் ஆட்கள். மீதிப் பதினொன்று? லைஸ்ட்ரிகோனியர் துறைமுகத்தில் ராட்சதர்கள் பாறை எறிந்து நொறுக்கி, ஆட்களை மீன் குத்துவதுபோல் குத்தித் தூக்கிப்போனார்கள். மற்றவர்கள் எல்லாம் செங்குத்துப் பாறை சூழ்ந்த துறைக்குள் கட்டியிருக்க, ஒடிசியஸ் மட்டும் தன் கப்பலை வாசலுக்கு வெளியே ஒரு பாறையில் கட்டியிருந்தான். ஏன் என்று அவன் சொல்வதில்லை. கயிற்றை வெட்டிக்கொண்டு போய்விட்டான்.

இந்தக் கதையைச் சொல்வதும் அவனேதான், விருந்து மேசையில்.

மார்ச் 18

‘நாயகனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள், இது இன்றைய மனசு, அன்றைய மனசு அல்ல’ என்று நீண்ட மறுப்பு வந்திருக்கிறது. படித்தேன். என் பதில்: கூண்டில் ஏற்றியது நான் இல்லை, யூப்பிதீஸ்.

ஒடிசியின் 24-ஆம் காண்டம். தன் மனைவியை மணம் கேட்டு வந்த 108 பேரையும் ஒடிசியஸ் கொன்றாயிற்று. இதாகாவில் சபை கூடுகிறது. செத்தவர்களில் முதல்வன் ஆண்டினஸின் அப்பா யூப்பிதீஸ் அழுதுகொண்டே எழுந்து பேசுகிறார்: கப்பல்களில் நல்ல ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான், கப்பலையும் தொலைத்தான், ஆட்களையும் தொலைத்தான், திரும்பி வந்து மிச்சம் இருந்த சிறந்தவர்களையும் கொன்றான். ஒரு தலைமுறை போரில், அடுத்த தலைமுறை அவன் கூடத்தில். இதற்கு அந்தக் காவியத்தில் யாரும் பதில் சொல்வதில்லை. உங்கள் பிள்ளைகளை அடக்காதது உங்கள் குற்றம் என்று ஊர்க் கிழவர் ஹாலிதெர்சிஸ் சொல்கிறார், அது பாதிப் பதில்.

அப்புறம் சண்டை. மகனும் பேரனும் வீரத்தில் போட்டி போடுவதைப் பார்க்கிறேனே, என்ன நாள் இது என்று பூரிக்கிறார் கிழவர் லயர்டீஸ். அதீனா தேவி மூச்சு ஊதிக் கொடுத்த பலத்தில் ஈட்டியை எறிகிறார். யூப்பிதீஸ் விழுகிறார். மகன் திரும்பி வந்த அப்பன், மகனை இழந்த அப்பனைக் கொல்கிறான். பிள்ளைகளும் சகோதரர்களும் கொல்லப்பட்டதை ஊர் மறந்துவிடட்டும் என்று மேலே ஜீயஸ் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். தேவர்கள் வந்து மறதி கொடுக்கவில்லை என்றால் அந்தத் தீவில் சண்டை நின்றிருக்காது.

மார்ச் 18, இரவு

கடைசியாக. பழங்கால அலெக்சாந்திரியா அறிஞர்கள் அரிஸ்டோபனஸும் அரிஸ்டார்க்கஸும் ஒடிசியின் முடிவை 23-ஆம் காண்டத்தில், கணவனும் மனைவியும் பழைய கட்டிலுக்குப் போகும் வரியில் வைத்தார்கள், அதோடு நிறுத்திப் படியுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். அழகான முடிவு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே நிறுத்தினால் யூப்பிதீஸுக்குப் பேச வாய்ப்பே இல்லை. நான் 24-ஐ விடமாட்டேன். அது ஒட்டுப்போட்டது மாதிரி இருந்தாலும் சரி.

ஹெக்டர் கட்சிக்காரர் இலியடின் 22-ஐ மறுபடி படித்துவிட்டு வரட்டும், பாலிடமஸ் பெயர் வரும் இடத்தில் இருந்து.